சுவரோரம் மூங்கில்: எதை நடுவது, எதைத் தவிர்ப்பது?

"பக்கத்து வீட்டு மாடி ஜன்னல் நேராக எங்கள் சமையலறையைப் பார்க்கிறது. மறைப்புக்கு மூங்கில் வைக்கலாம் என்று இருக்கிறோம். மஞ்சள் மூங்கில் வைப்பதா, வேலி மூங்கில் வைப்பதா?"

இந்தக் கேள்வி இந்த வருடம் மட்டும் நாலு பேரிடமிருந்து வந்துவிட்டது. ஒருவருக்குத் திருப்பூரில் மூன்றரை அடி அகலச் சந்து. இன்னொருவருக்கு உடுமலைப் பக்கம் தோட்டத்து வீடு, வேலியோரம் கால் ஏக்கர் சும்மா கிடக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே பதில் எப்படிப் பொருந்தும்? ஆனால் இரண்டு பேருக்கும் நர்சரியில் கையைக் காட்டியது ஒரே கன்றைத்தான்.

எனக்கும் அதே கதைதான். கோவையில் வீடு கட்டிய புதிதில், வடக்குச் சுவரை ஒட்டி இரண்டரை அடிக்குப் பாத்தி எடுத்து மூன்று மஞ்சள் மூங்கில் வைத்தேன். "அளவாத்தான் வருமுங்க" என்றார் விற்றவர். ஏழாவது வருடம் ஹாலோ பிளாக் சுவரில் படுக்கைவாட்டில் ஒரு விரிசல் விழுந்தது. எட்டாவது வருடம் சுவரே அந்தப் பக்கம் சாய ஆரம்பித்தது. இரண்டரை அடியில் அடங்குகிற செடி இல்லை அது. அப்புறம் அதைத் தோண்டி எடுத்துவிட்டு வேலி மூங்கில் வைத்தேன். மாமனார் தோட்டத்தில் கல் மூங்கிலோடும் சில வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். இங்கே சொல்வதெல்லாம் அப்படிப் பட்ட பாடுகளில் கிடைத்ததுதான்.

## ரகம் பார்க்கும் முன் ஐந்து கேள்விகள்

அகலம் எவ்வளவு? பாத்தியின் நீளத்தை எல்லோரும் அளக்கிறார்கள், அகலத்தை யாரும் அளப்பதில்லை. மூங்கில் தூறு, அதாவது ஒரே இடத்தில் கூட்டமாக நிற்கிற கழிகள், வருடா வருடம் வெளிப்பக்கமாகப் பெருத்துக்கொண்டே போகும். நடும்போது கைப்பிடி அளவு இருப்பது பத்து வருடத்தில் எவ்வளவு இடம் கேட்கும் என்பதுதான் கணக்கு.

மேலே என்ன இருக்கிறது? மின்கம்பி, கேபிள், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. ஆடிக் காற்றில் மூங்கில் நிமிர்ந்து நிற்காது, வளைந்து பெருக்கும். நாற்பதடிக் கழி பத்தடி தள்ளியிருக்கிற கம்பியைத் தொடும்.

எப்போது மறைப்பு வேண்டும்? வருடம் முழுக்கவா, விருந்தாள் வருகிற நாளில் அழகாகத் தெரிந்தால் போதுமா? இதைக் கேட்காமல் கல் மூங்கில் வைத்தவர்கள் கோடையில் திகைத்துப்போவார்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

தண்ணீர் எப்படி? அளவு மட்டுமல்ல, உப்பும்தான். போர்த் தண்ணீர் ரொம்ப உப்பாக இருந்தால் இலை நுனி கருகிக்கொண்டே வரும்.

வருடத்துக்கு ஒரு முறை உள்ளே இறங்கி வெட்டப்போவது யார்? என்னைக் கேட்டால் முதலில் கேட்க வேண்டியது இதுதான். நட்டுவிட்டு மறந்துபோகிற செடி என்று மூங்கிலைப் பற்றி ஒரு நினைப்பு இருக்கிறது. நாலு வருடத்துக்கு அது சரி. ஐந்தாம் வருடத்திலிருந்து ஆள் வேண்டும்.

## மூங்கில் வளர்கிற விதம்

மூங்கில் புல் வகை. நெல்லுக்கும் கரும்புக்கும் பங்காளி. மரம் போல வருடத்துக்கு வருடம் பருத்துக்கொண்டு போகாது. முளை மண்ணை விட்டு வெளியே வரும்போதே அதன் கனம் முடிவாகிவிடுகிறது. இரண்டு மூன்று மாதத்தில் முழு உயரத்தையும் எட்டிவிடும். அதற்குப் பிறகு அந்தக் கழி உயராது, பருக்காது, முற்ற மட்டும் செய்யும். ஒரு மழைக்காலத்தில் என் மகள் புது முளையின் நுனிக்கு நேராகச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தாள். மறுநாள் காலையில் நுனி கோட்டுக்கு ஒரு சாண் மேலே நின்றது.

அதனால் முதல் இரண்டு வருடம் வருகிற பென்சில் கனக் குச்சிகளைப் பார்த்து மனசு விட வேண்டாம். அவை அப்படியேதான் இருக்கும். அடுத்த மழைக்கு வருகிற முளை அதைவிடக் கனமாக வரும். அதற்கடுத்தது இன்னும் கனமாக.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மூங்கிலில் தூறு கட்டும் ரகம், ஓடும் ரகம் என்று இரண்டு உண்டு. ஓடும் ரகத்தின் வேர்க்கிழங்கு மண்ணுக்கடியில் பல அடி தூரம் போய், எங்கேயோ முளைக்கும். அது பெரும்பாலும் குளிர்ப் பிரதேசத்துச் சரக்கு. நம் சமவெளியில் விற்பதெல்லாம் அநேகமாகத் தூறு கட்டும் ரகங்களே. வெளிநாட்டு வீடியோக்களில் "கோல்டன் பேம்பூ வைக்காதீர்கள், தெருவையே பிடித்துவிடும்" என்று அலறுவது ஃபில்லோஸ்டாக்கிஸ் ஆரியா என்ற ஓடும் மூங்கிலைப் பற்றி. நம் ஊர் நர்சரியில் அதே பெயரில் கொடுப்பது பாம்புசா வல்காரிஸ் என்ற தூறு மூங்கில். பெயர் ஒன்று, ஆள் வேறு. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வீடு இருப்பவர்கள் மட்டும் வாங்கும்போது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைக்கிற 'லக்கி பேம்பூ' மூங்கிலே கிடையாது, டிரசீனா என்ற வேறு செடி. அதைப் பாத்தியில் வைத்து மறைப்புக்குக் காத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

## மஞ்சள் மூங்கில்

தங்க நிறத் தண்டில் பச்சைக் கோடு. பார்த்ததும் பிடித்துப்போகும், முள் கிடையாது, எந்த மண்ணிலும் பிழைக்கும். முற்றிய கழியை இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாக வெட்டிப் படுக்கப்போட்டு மண் மூடித் தண்ணீர் விட்டாலே துளிர்த்துவிடும். விதைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அதனால்தான் எல்லா நர்சரியிலும் கிடைக்கிறது.

வீட்டுத் தோட்டத்திலேயே முப்பது நாற்பது அடி சாதாரணமாகப் போகும். வசதி கிடைத்தால் அதற்கு மேலும். கழி மணிக்கட்டுக் கனத்துக்கு வரும், சில சமயம் முன்கைக் கனத்துக்கும். ஒரு கழிக்கும் இன்னொன்றுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டு முளைப்பதுதான் இதன் சுபாவம். உள்ளே கை நுழையும், வெட்டுவது சுலபம். அதே காரணத்தால் தூறு வேகமாக அகலும். எனக்கு எட்டு வருடத்தில் ஐந்தடி வந்தது. அதில் பாதி சுவருக்குள் போகப் பார்த்தது.

அரசும் ஆலும் போல இதன் வேர் அஸ்திவாரத்தைப் பிளந்துவிடாது. நார் வேர்தான், பெரும்பாலும் மேல் இரண்டடி மண்ணிலேயே இருக்கும். தொல்லை செய்வது கிழங்கு. அது சுவரைத் தோளால் முட்டுகிற மாதிரி தள்ளும். வீட்டுச் சுவர் தாங்கும், நாலு அங்குல ஹாலோ பிளாக் காம்பவுண்டு தாங்காது.

கண்ணுக்குத் தெரியாத செலவுகள் வேறு உண்டு. முதலில் சருகு. தினமும் விழும், மாசி பங்குனியில் கொட்டும். "ஏனுங்க, உங்க மூங்கிச் சருகு எங்க தண்ணித் தொட்டியில வந்து உழுகுதுங்க" என்று பக்கத்து வீட்டு அக்கா மூன்று முறை சொன்னார். நாலாவது முறை சொல்லவில்லை, பேச்சையே குறைத்துக்கொண்டார். அடுத்து, வெட்டிய கழி. அவ்வளவு கழி கிடைக்கிறதே என்று பீர்க்கங்காய்ப் பந்தல் போட்டேன். ஆறே மாதத்தில் பந்தலுக்குக் கீழே மாவு சலித்த மாதிரி மஞ்சள் பொடி. இந்த ரகத்தின் தண்டில் மாவுச்சத்து அதிகம், துளைப்பான் வண்டுக்கு விருந்து. போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைத்தால் தாங்கும். வீட்டில் அத்தனை நீளக் கழியை ஊறவைக்கத் தொட்டிக்கு எங்கே போவது?

யாருக்கு நல்லது: சுவரிலிருந்து எட்டடியாவது தள்ளி நடக்கூடியவர்கள், மேலே கம்பி இல்லாதவர்கள், ஓர் ஓரமாக ஒரே ஒரு தூறு அழகுக்கு நிற்க வேண்டும் என்பவர்கள். இந்த ரகம் பூப்பது மிக அபூர்வம் என்பதால், பூத்துச் செத்துப்போகும் என்ற பயமும் இல்லை.

## வேலி மூங்கில்

நர்சரியில் 'ஹெட்ஜ் பேம்பூ' அல்லது 'மல்டிபிளெக்ஸ்' என்று கேளுங்கள். தாவரப் பெயர் பாம்புசா மல்டிபிளெக்ஸ். சீனாவிலிருந்து வந்தது. கழி விரல் கனம், மிஞ்சினால் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் கூட. எட்டடியிலிருந்து இருபதடிக்குள் நின்றுவிடும். அடியிலிருந்தே இலை விடுவதால் கீழே ஓட்டை தெரியாது. மாடி ஜன்னலை மறைக்க இருபதடி போதும், முதல் மாடிக்கு அதற்கு மேல் தேவையில்லை. மஞ்சள் தண்டு ஆசை விடவில்லை என்றால் இதிலேயே 'அல்ஃபோன்ஸ் கார்' என்று மஞ்சளில் பச்சைக் கோடு போட்ட ரகம் இருக்கிறது.

நாலடிக்கு ஒன்றாக நட்டால் மூன்று வருடத்தில் சுவர் கட்டிவிடும். பாத்தி அகலம் மூன்றரை நாலடி இருந்தால் சமாளிக்கலாம். கழி மெல்லிசு என்பதால் செடி வெட்டுகிற கத்திரியே போதும், வெட்டின குச்சி தக்காளிக்கும் அவரைக்கும் கொம்பாகும்.

இதற்கும் கெட்ட குணம் உண்டு. அடர்த்தி. ஐந்து வருடம் கை வைக்காமல் விட்டால் உள்ளே காய்ந்த குச்சியும் சருகுமாக அடைத்துக்கொண்டு, சீப்பில் சிக்கிய முடி மாதிரி ஆகிவிடும். அப்புறம் ஒவ்வொரு குச்சியாகப் பிய்க்க வேண்டும். என் கணக்கில் மஞ்சள் மூங்கிலைவிட வேலை குறைவில்லை, வேலையின் தினுசுதான் வேறு. அங்கே ரம்பத்தோடு ஒரு நாள், இங்கே கத்திரியோடு பல சாயங்காலங்கள். இரண்டாவதை நானே செய்துகொள்ள முடிகிறது, ஆள் தேட வேண்டியதில்லை.

இன்னொன்று, தண்ணீர். இரண்டு மூன்று வருடத்துக்குக் கோடையில் இதை விட்டுவிட்டு ஊருக்குப் போக முடியாது. சொட்டு நீர் போட்டுவிட்டால் கவலையில்லை.

யாருக்கு நல்லது: நகரத்தில் சின்ன மனையில் வீடு வைத்திருக்கிற பெரும்பாலானவர்களுக்கு. மறைப்புதான் நோக்கம் என்றால் நான் இரண்டாவது யோசனையில்லாமல் சொல்வது இதைத்தான்.

## கல் மூங்கில்

கெட்டி மூங்கில் என்றும் சொல்வார்கள். டெண்ட்ரோகலாமஸ் ஸ்ட்ரிக்டஸ். நம் காடுகளின் சொந்தப் பிள்ளை. ஏணிக்கும் லத்திக்கும் போகிற கழி இது. வறண்ட இடத்தில் உள்ளே துளையே இல்லாமல் கட்டியாக வளரும். இதே ரகத்தை வீட்டுப் பாத்தியில் தினமும் தண்ணீர் விட்டு வளர்த்தால் உள்ளே துளை விழுந்துவிடும். கெட்டிக் கழி வேண்டும் என்று வாங்கிச் சொகுசாக வளர்த்துவிட்டு, "ஏமாற்றிவிட்டார்கள்" என்று நர்சரியைத் திட்டுவதில் நியாயமில்லை.

ஆண்டுக்கு 750 மி.மீ. மழை இருந்தால் மானாவாரியாகவே தாங்கும். அதுதான் இதன் பெரிய பலம். ஆனால் தாங்குகிற விதம் என்ன தெரியுமா? கோடையில் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். நீங்கள் ஜன்னலைத் திறந்து வைக்கிற சித்திரை மாதத்தில்தான் மறைப்பு காணாமல் போகும்.

அப்புறம் நெருக்கம். தூறு இறுகிப்போய்க் கழிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மாமனார் தோட்டத்தில் பன்னிரண்டு வருடம் வெட்டாத தூறு ஒன்றில் இறங்கிய ஆள், அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "இதுக்குள்ள கையே போகாதுங்க, எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல" என்று அரிவாளைக் கீழே வைத்துவிட்டார். லாடம் மாதிரி ஒரு பக்கத்தைத் திறந்து, நடு வரைக்கும் வழி வெட்டி, அங்கிருந்து முற்றினதை வெளியே இழுப்பதுதான் அதற்கு முறை. இரண்டு ஆள், இரண்டு நாள்.

கன்று பெரும்பாலும் விதையிலிருந்து வருவது. விலை மலிவு, ஆனால் சரியான கழி வர ஆறேழு வருடம் ஆகும். சில பத்தாண்டுகளுக்கு ஒரு முறை பூத்து, விதை கொட்டி, தூறோடு காய்ந்தும் போகும். ஒரே காட்டில் ஒரே சமயம் பூத்த விதையில் வந்த கன்றுகள் அநேகமாக ஒரே சமயத்தில்தான் போகும்.

யாருக்கு நல்லது: தோட்டம் இருப்பவர்கள், கழிக்குத் தேவை இருப்பவர்கள், தண்ணீர் குறைந்த இடம். நகரத்து வீட்டுப் பாத்திக்கு வேண்டாம்.

## மற்றவை, சுருக்கமாக

புத்தர் வயிறு. கணுவுக்குக் கணு தொந்தி வைத்த தண்டு. தொட்டியில் பார்த்து மயங்கி வாங்கிப் பாத்தியில் வைப்பார்கள். தொட்டியின் நெருக்கடியில்தான் இந்த பாம்புசா வென்ட்ரிகோசா ரகத்துக்கு வயிறு வரும். நல்ல மண்ணில் இறக்கிவிட்டால் வயிறு காணாமல் போய் நெடுநெடுவென்று முப்பது அடிக்கு மேல் வளரும். அழகுக்கு வேண்டும் என்றால் தொட்டியிலேயே வையுங்கள். பாத்தியிலும் தொந்தி வேண்டும் என்றால் 'வாமின்' என்ற குட்டை ரகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பால்கூவா, அதாவது பீமா என்று விற்பது. முள்ளில்லாதது, திசு வளர்ப்புக் கன்றாகக் கிடைக்கும். கட்டைக்காக ஏக்கர் கணக்கில் வைப்பதற்கானது. ஐந்து சென்ட் மனைக்கு யானை.

முள் மூங்கில். மூங்கில் அரிசி தருவது இதுதான். நாற்பது வருடத்துக்கு ஒரு முறை போலப் பூக்கும். அரிசிக்கு ஆசைப்பட்டு வைப்பவர்கள் பேரனுக்காக வைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். வளைந்த முள்ளோடு ஐம்பது அறுபது அடிக்கு மேல் போகிற தூறு. வீட்டருகே வேண்டவே வேண்டாம்.

## ஒரு பார்வையில்

| | மஞ்சள் மூங்கில் | வேலி மூங்கில் | கல் மூங்கில் |
|---|---|---|---|
| உயரம் | 30–40 அடி, அதற்கு மேலும் | 8–20 அடி | 25–50 அடி |
| கழியின் கனம் | மணிக்கட்டு | விரல் | 1–3 அங்குலம் |
| பாத்தி அகலம் | 8 அடி | 3½–4 அடி | 8–10 அடி |
| கன்றுக்குக் கன்று | 8–10 அடி | 4 அடி | 12 அடிக்கு மேல் |
| கோடையில் மறைப்பு | பரவாயில்லை | நன்று | இல்லை |
| தண்ணீர் | மிதம் | முதல் 3 வருடம் தவறாமல் | குறைவு |
| வெட்டும் வேலை | வருடம் ஒரு நாள், ஆள் வேண்டும் | அடிக்கடி, நாமே செய்யலாம் | கடினம், பழகிய ஆள் |
| கழியின் பயன் | வண்டு அரிக்கும் | கொடிக்குக் கொம்பு | ஏணி, கம்பு, பந்தல் |

பாத்தி அகலம் என்று நான் போட்டிருப்பது வருடா வருடம் அடக்கி வைப்பவர்களுக்கு. அடக்க மாட்டோம் என்றால் ஒன்றரை மடங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

## எதை வைத்தாலும் பாத்தி இப்படி

ஒவ்வொரு கன்றுக்கும் குழி இரண்டடிக்கு இரண்டடி, இரண்டடி ஆழம். மேல்மண்ணோடு ஒரு கூடை மக்கிய சாணி எரு. களிமண்ணாக இருந்தால் பாத்தியை அரையடி மேடாக்கிவிடுங்கள். மூங்கில் தண்ணீர் குடிக்கும், ஆனால் தண்ணீரில் நிற்காது. மேற்கு மாவட்டங்களில் வைகாசிக் கடைசியில், சென்னை, கடலோரப் பக்கம் ஆவணி புரட்டாசியில் நட்டால் மழை பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

தாகம் தெரிய இலையைப் பாருங்கள். மதியம் ஊசி மாதிரி சுருண்டு, சாயங்காலம் விரிந்தால் ஒன்றும் இல்லை. காலையிலும் சுருண்டே இருந்தால் வேருக்குத் தண்ணீர் போகவில்லை. உதிர்ந்த சருகைக் கூட்டி எரிக்காதீர்கள், தூறின் காலடியிலேயே மூடாக்காகப் போடுங்கள். மூங்கில் மண்ணிலிருந்து எடுத்த சிலிக்காவில் பெரும்பகுதி அந்தச் சருகில்தான் இருக்கிறது. "சருகு கிடந்தால் பாம்பு வராதா?" என்பார்கள். மூங்கிலுக்காகப் பாம்பு வருவதில்லை, எலிக்காக வரும். முழங்கால் உயரத்துக்குக் குவிக்காமல் நாலு விரல் கனத்துக்குப் பரப்பினால் எலிக்கு இடமில்லை.

கிழங்கு வருடத்துக்கு வருடம் மேலே ஏறி வரும். மழைக்கு முன் ஒரு முறை மண் அணைத்து, கூடவே எருவும் போடுங்கள். தூறு எந்தப் பக்கம் போகக் கூடாதோ அந்தப் பக்கக் கிழங்கை முளை வரும் முன் கடப்பாரையால் வெட்டிவிடுங்கள். தூறு மூங்கிலுக்கு இதுவே போதும், பிளாஸ்டிக் தடுப்பு தேவையில்லை. மாவுப்பூச்சி வந்தால் முதலில் எறும்பை விரட்டுங்கள், பிறகு வேப்பெண்ணெயில் சோப்புக் கலந்து அடித்தால் கட்டுப்படும்.

வெட்டுவது மழை ஓய்ந்த பிறகு. முளை வருகிற காலத்தில் உள்ளே கால் வைத்தாலே பாதி முளை உடையும், அதன் மேலுறையிலுள்ள சுனை பட்டால் நாள் பூராவும் அரிப்புதான். வயது பார்ப்பது எளிது. உறை ஒட்டிக்கொண்டு, தண்டில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் இந்த வருடக் கழி. மங்கிப்போய்ச் சாம்பல் திட்டு விழுந்திருந்தால் மூன்று வருடம் தாண்டியது, வெட்ட வேண்டியது அதைத்தான். தரைக்கு மேல் முதல் கணுவை ஒட்டி மேலே வெட்டுங்கள். கணுவுக்கு ரொம்ப மேலே வெட்டினால் அந்தக் குழாயில் தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிடும். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். தேய்பிறையில் வெட்டினால் வண்டு அரிக்காது என்பார் என் மாமனார். நான் மழை ஓய்ந்ததா என்று மட்டும் பார்க்கிறேன்.

திருப்பூர்க்காரருக்கு வேலி மூங்கில்தான் என்று முடிவாகிவிட்டது. அவர் அளந்து பார்த்ததில் சந்துக்கு மேலே இருபத்திரண்டு அடியில் ஒரு கேபிள் போகிறதாம், அதற்குக் கீழேயே நிறுத்திக்கொள்வதாகச் சொன்னார்.

உடுமலைக்காரர் கல் மூங்கில் வைக்க ஆறு குழி எடுத்து வைத்துவிட்டுத்தான் கூப்பிட்டார். வெட்டுவது யார் என்று கேட்டேன். அவருக்கு அறுபத்தெட்டு வயது, பையன் பெங்களூரில். இரண்டு தூறு மட்டும் வையுங்கள், அதுவும் சுற்றி ஆள் நடக்க இடம் விட்டு வையுங்கள் என்றேன். போன வாரம் பேசினார். இரண்டு குழியில் மூங்கிலாம், மீதி நாலில் முருங்கை வைத்துவிட்டாராம்.